தங்கவயல் சைனைடு மேட்டில் மீண்டும் வேலை பிறக்குமா?

பொழுது புலரும் முன்பே மாரிக்குப்பம் ரெயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டு டப்பா, தோளில் பை. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று அடுத்தடுத்த நிலையங்களில் ஆள் ஏற ஏற, உட்கார இடம் இல்லாமல் போகிறது. பங்காரப்பேட்டையில் ஏறுகிறவருக்கு நிற்க இடம் கிடைத்தாலே பெரிது.

கட்டிட வேலைக்குப் போகிறவர், கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், ஆஸ்பத்திரி ஆயா, ஒயிட்பீல்டில் காவலாளி, துணிக்கடைச் சிப்பந்தி என்று பல தரப்பினரும் அந்த வண்டியில் இருக்கிறார்கள். பெங்களூருக்குப் போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற பிள்ளைகள் கோலார் தங்கவயலில் அநேகம்.

இவர்களுடைய தாத்தாக்களும் வேலைக்குத் தினமும் பயணம் போனவர்கள்தான். அவர்கள் போனது பூமிக்குள்ளே. சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது. கூண்டில் இறங்கி, பாறையின் வெப்பத்தில் வெந்து, சங்கு ஊதியதும் மேலே வந்தார்கள். வீடு பக்கத்திலேயே இருந்தது. இப்போது சுரங்கம் இல்லை. வீடு இருக்கிறது, வேலை 100 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

ரெயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய மண் மேடுகள் தெரியும். சைனைடு மேடு என்பார்கள். சினிமாப் படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் இந்த மேட்டைத்தான் தேடி வருகிறார்கள். 2018-ல் வெளியான கன்னடப் படம் ஒன்று ஊர் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டு நாடு முழுவதும் ஓடியது. படம் பார்த்தவர்களுக்கு அது தங்கபூமி. லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு, காற்றடிக்கும் மாதங்களில் கண்ணிலும் சோற்றிலும் விழுகிற தூசி.

இந்த மேடுகளைப் பற்றித்தான் இப்போது டில்லியிலும் பெங்களூரிலும் பேச்சு அடிபடுகிறது.

மேட்டில் என்ன இருக்கிறது?

தங்கவயலில் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 வரை எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்பது கணக்கு. தங்கம் போக மிஞ்சிய மண்ணைக் கொட்டிய இடம்தான் மேடு. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம், 3 கோடியே 30 லட்சம் டன் மண் என்ற கணக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை முன் வந்தது. இந்த மேடுகளில் வேலை தொடங்கும் மத்திய அரசின் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மாநிலத்துக்குத் தரவேண்டிய பாக்கியைக் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. உள்ளூரில் வேலை பிறக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அரைத்த மண்ணில் தங்கம் முழுவதும் போய்விடுவதில்லை. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக ஒட்டிக்கொண்டிருக்கும். குறைவுதானே என்று தோன்றும். டன்னுக்கு அரை கிராம் என்று வைத்தாலே 3 கோடியே 30 லட்சம் டன்னில் 16 டன்னுக்கு மேல் வரும். அவ்வளவையும் எடுத்துவிட முடியாது என்றாலும், தங்கம் விற்கிற விலையில் இது சிறிய தொகை அல்ல.

தங்கத்தோடு கூட இன்னொன்றும் மண்ணில் இருக்கிறது. அதன் பெயர் டங்ஸ்டன். ஷீலைட் என்ற கனிமமாக, தங்கப் பாறையோடு கலந்தே வந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் ஷீலைட் நீல நிறத்தில் ஒளிரும். தங்கவயல் கழிவு மண்ணில் டங்ஸ்டன் இருப்பதை நாக்பூரில் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டு நூல்கள் பதிவு செய்துள்ளன. நூற்றுக்கு ஒரு பங்கைவிட மிகக் குறைவுதான். ஆனால் பாறையை உடைத்து மாவாக்கும் செலவைச் சுரங்கம் நடந்த காலத்திலேயே செய்து முடித்துவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தங்கம் பட்டியலில் இல்லை

2023-ல் மத்திய அரசு 30 கனிமங்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் வெளியிட்டது. முக்கியக் கனிமங்கள் என்று பெயர். நாட்டுக்கு அத்தியாவசியம், ஆனால் வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டிய நிலை. இப்படிப்பட்டவை மட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மின்சார வண்டியின் பாட்டரிக்கு வேண்டிய லித்தியம், கோபால்ட். காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தாதுக்கள். இவற்றோடு டங்ஸ்டனும் இடம் பெற்றது. தங்கம் இல்லை. 120 ஆண்டுகள் எந்த உலோகத்துக்காக உயிரைக் கொடுத்தார்களோ அது பட்டியலில் இல்லை; வேண்டாம் என்று மேட்டில் கொட்டியது பட்டியலில் இருக்கிறது.

டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பழைய குண்டு பல்புக்குள் இருந்த மெல்லிய கம்பி அதுதான். இன்று அதன் முக்கியமான உபயோகம் வேறு. லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் முனை, பாறையைத் துளைக்கும் எந்திரத்தின் நுனி, பீரங்கிக் குண்டு எல்லாம் டங்ஸ்டன். பீனியாவில் ஒரு பட்டறையில் டூல் பிட் மாற்றுகிற தொழிலாளி தினமும் தொட்டுப் புழங்குகிற பொருள் இது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஏப்ரலில் சில அரிய மண் தாதுக்களுக்கும் விதித்தது. பல நாடுகளில் மோட்டார் கம்பெனிகள் திண்டாடிய பிறகு, குப்பை மேட்டுக்கு மவுசு வராமல் இருக்குமா?

பணம் எங்கே போகிறது?

2025 ஜனவரி 29-ந் தேதி மத்திய மந்திரிசபை தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு அனுமதி அளித்தது. 7 ஆண்டுத் திட்டம். அரசு செலவு 16,300 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனங்கள் மேலும் 18,000 கோடி போடும் என்பது எதிர்பார்ப்பு. 2030-31-க்குள் 1,200 இடங்களில் கனிம ஆய்வு, கனிமங்களைச் சுத்திகரிக்க 4 தொழிற்பூங்காக்கள், 10,000 பேருக்குப் பயிற்சி என்று இலக்குகள் வைக்கப்பட்டுள்ளன.

அதே ஆண்டு பட்ஜெட்டில், சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து முக்கியக் கனிமங்களை எடுப்பதற்கென்று ஒரு கொள்கை வகுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. தங்கவயலில் இதைப் படித்தவர்கள் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் தொகையையும் பார்க்க வேண்டும். கழிவு மேடு, அனல் நிலையச் சாம்பல், அலுமினிய ஆலையின் சிவப்பு மண் முதலியவற்றிலிருந்து கனிமம் எடுக்கும் முன்னோட்டத் திட்டங்களுக்கு ஒதுக்கியது 100 கோடி ரூபாய். நாடு முழுவதற்கும் சேர்த்து அவ்வளவே.

பெரிய தொகைகள் வேறு பக்கம் போகின்றன. காந்தத் தொழிலுக்கு 2025 நவம்பரில் 7,280 கோடி. பழைய பாட்டரி, மின்னணுக் கழிவு ஆகியவற்றை உருக்கிக் கனிமம் எடுக்கும் ஆலைகளுக்கு 2025 செப்டம்பரில் 1,500 கோடி. இந்தக் கடைசித் திட்டத்தில்தான் அரசு வேலை எண்ணிக்கையையும் சொல்லியிருக்கிறது. நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 70,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்பது மதிப்பீடு. ஆண்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கழிவைக் கையாளும் ஆலைகள் வரவேண்டும்.

அதாவது, வேலை என்று கணக்குக் காட்டப்படுவது தோண்டுகிற இடத்தில் அல்ல, பிரித்தெடுக்கிற ஆலையில்! இதைத் தங்கவயல் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரும் டெலிபோனும் தூக்கி எறியப்படும் ஊர்களில் பெங்களூர் முன் வரிசையில் இருக்கிறது. மேட்டை நம்பிக் காத்திருக்கிறவருக்கு முந்தி, பாட்டரிக் கழிவு ஆலையில் ஆள் எடுத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் இந்த விஷயத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே 2025-ல் நிறைவேறிய சட்டப்படி, 31 முக்கியக் கனிமங்களை உள்நாட்டிலேயே சுத்திகரிக்கும் ஆலைக்குச் செலவில் 10 சதவிகிதம் வரியில் திரும்பக் கிடைக்கும். 2027 ஜூலை முதல் அமல். மண்ணை வாரிக் கப்பலில் ஏற்றிவிட்டால் ஒன்றும் கிடையாது.

எத்தனை பேருக்கு வேலை?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அதே எண்ணிக்கை திரும்பி வரும் என்று மேடையில் யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

மேட்டு மண்ணை எடுக்கும் முறை வேறு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றியிருந்த தங்கச் சுரங்க மேடுகளைப் பல்லாண்டுகளாக இப்படித்தான் கரைத்து வருகிறார்கள். பீரங்கி போன்ற குழாயிலிருந்து தண்ணீரை வேகமாகப் பீச்சி மேட்டைச் சேறாக்குவார்கள். சேறு குழாய் வழியே ஆலைக்குப் போகும். அங்கே தொட்டிகளில் கரியும் சைனைடும் சேர்த்துத் தங்கத்தைப் பிடிப்பார்கள். ஷீலைட் கனமான பொருள் என்பதால் அதைத் தனியே வண்டலாக ஒதுக்கலாம். மீதி மண் வேறொரு பள்ளத்துக்குப் போகும். பூமிக்கு அடியில் இறங்க வேண்டியதில்லை. பாறை சரிந்து யாரும் சாக வேண்டியதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் ஆளும் வேண்டியதில்லை. பம்பு ஓட்ட, குழாய் பற்றவைக்க, மின்சாரம் பார்க்க, சோதனைச் சாலையில் மண் பரிசோதிக்க, லாரி ஓட்ட, காவல் காக்க, கணக்கு எழுத என்று நூறுகளில் வேலை வரும், ஆயிரங்களில் அல்ல.

நூறு பேருக்கானாலும் வேலை வேலைதான். அதில் யார் உட்காருவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஐ.டி.ஐ.யில் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் படித்தவருக்கும், கெமிஸ்ட்ரி படித்தவருக்கும் இடம் உண்டு. கனிம இயக்கத்தின் 10,000 பேர் பயிற்சியில் தங்கவயலுக்கு ஒரு பங்கு கேட்பது நியாயம். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனமே 1988-ல் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. 3 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்புகளைப் பார்த்த ஊர் என்பதால் வந்த பெருமை அது. பயிற்சிப் பள்ளி வைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

மொழி விஷயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜூலையில் தனியார் தொழில்களில் உள்ளூர்க்காரர்களுக்கு இடஒதுக்கீடு செய்யும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. அதில் உள்ளூர்க்காரர் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்: மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், 15 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தங்கவயல் தமிழருக்கு முதல் இரண்டும் மூன்று தலைமுறையாக உண்டு. மூன்றாவதில் பேச்சு தடையில்லாமல் வரும். எழுத்துதான் பலருக்குத் தகராறு. மசோதா வருகிறதோ இல்லையோ, பிள்ளைகளைக் கன்னடம் எழுதப் பழக்கிவிடுவது கெட்டிக்காரத்தனம்.

விலை விழுந்தபோது என்ன நடந்தது?

அரசு ஆதரவு என்ற சொல்லைக் கேட்டதும் தங்கவயல் பெரியவர்கள் கொஞ்சம் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அதை ஒரு முறை பார்த்தவர்கள்.

1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். மைசூர் அரசாங்கம் சுரங்கத்துக்காகப் போட்ட கம்பி அது. 1956-ல் சுரங்கங்களை மைசூர் மாநிலம் ஏற்றுக்கொண்டது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போனது. நாட்டுக்குத் தங்கம் தேவைப்பட்ட காலம். 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. வெட்டிய தங்கத்தை உள்நாட்டுக் கடை விலைக்கு விற்கவும் முடியாமல், அதைவிடக் குறைந்த சர்வதேச விலையில் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. பாறையில் தங்கம் குறைந்தது. நஷ்டக் கணக்கு எழுதி எழுதி, 1992-ல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்துக்குப் போனது விவகாரம். 2000-ல் அந்த வாரியம் மூடச் சொன்னது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அந்த நேரத்தில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 270 டாலர். தங்கம் மிக மலிவாகக் கிடந்த காலம். 2020-ல் அது 2,000 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. விலை விழுந்தபோது கைவிட்டார்கள். ஏறியபோது சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. தொழிலாளர்கள் தாங்களே நடத்துகிறோம் என்று கேட்டு வழக்கு மன்றம் ஏறினார்கள். 2013-ல் உலக டெண்டர் விடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. அதற்குள் அந்தத் தொழிலாளர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது.

டங்ஸ்டனின் கதையும் ஏறக்குறைய இதேதான். ராஜஸ்தானில் டேகானா என்ற இடத்தில் டங்ஸ்டன் சுரங்கம் ஒன்று நடந்துவந்தது. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்ததும் 1990-களில் அது மூடப்பட்டது. நாளைக்குச் சீனா மறுபடி மலிவாக விற்றால் சைனைடு மேட்டு ஆலை என்ன ஆகும்? அமெரிக்காவில் இதை யோசித்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் அங்குள்ள ராணுவ இலாகா, அரிய மண் தாது வெட்டும் ஒரு கம்பெனிக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று அடிமட்ட விலை நிர்ணயித்து 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். நெல்லுக்கு ஆதரவு விலை கொடுப்பதை அறிந்த நம் நாட்டுக்கு இது புதிய ஏற்பாடு அல்ல.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஏலம் போட்டாலே ஆள் வந்துவிடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாக 2023-ல் பெரிய அறிவிப்பு வந்தது. இரண்டு முறை ஏலம் விட்டும் போதிய பேர் வராமல் ரத்தானது. நம் மாண்டியா மாவட்டத்து மார்லகல்லாவிலும் லித்தியம் என்று பேச்சு கிளம்பியது. அணுக் கனிம இயக்குநரகம் அளந்து பார்த்தபோது 1,600 டன் என்ற அளவில் நின்றது.

மேலூரும் தங்கவயலும்

டங்ஸ்டன் என்ற பெயரைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக் கிழவிகளும் சொல்லும்படி செய்தது மேலூர். (ரெயிலில் வருகிற மாலூர் அல்ல; மதுரைப் பக்கத்து மேலூர்.) அங்கே நாயக்கர்பட்டி என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பை டங்ஸ்டனுக்காக 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்தில் விட்டது. அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. பழங்காலக் குடைவரைக் கோவிலும் சமணர் படுகையும் உள்ள ஊர். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வயலும் கண்மாயும் மலையும் போய்விடும் என்று ஊர் திரண்டது. 2024 டிசம்பரில் தமிழ்நாடு சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கனிம இயக்கத்துக்கு மந்திரிசபை அனுமதி தந்தது அதற்கு 6 நாள் கழித்து.

மேலூரில் இருந்தது உயிரோடுள்ள வயல். தங்கவயலில் இருப்பது செத்த மண். அங்கே வேண்டாம் என்று சொன்ன அதே உலோகத்தை இங்கே வேண்டும் என்று கேட்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. உள்ளபடியே, மேட்டைக் கரைத்து எடுத்துவிட்டால் ஊருக்குத் தூசித் தொல்லை தீரும். கரைக்கிற காலத்தில் தண்ணீரும் சைனைடும் எங்கே போகின்றன என்பதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஊருக்குத் தூசியின் விலை தெரியும். 1940-களில் 7,000-க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி படிந்த சிலிகோசிஸ் நோய் இருந்தது. அவர்களுடைய பேரன்கள் மேட்டு மண்ணில் முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது.

எழுத்தில் வரவேண்டியவை

ஏலமோ குத்தகையோ, எந்த வடிவில் வந்தாலும், ஆளுக்கு ஒரு வாக்குறுதியை மேடையில் அள்ளி வீசுவதைவிட ஒப்பந்தத்தில் நாலு வரி எழுதுவது பயன் தரும். பிரித்தெடுக்கும் ஆலை தங்கவயலிலேயே அமையவேண்டும் என்பது அதில் முதல் வரி. மண்ணை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் இங்கே மிஞ்சுவது லாரி ஓட்டுகிற வேலையும் தூசியும்தான். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் பயன்படாத நிலம் ஏராளம். அதில் தொழிற்பேட்டை அமைக்க வேண்டும் என்று கர்நாடக அரசு கேட்டுவந்திருக்கிறது. கனிம இயக்கத்தின் 4 பூங்காக்களில் ஒன்றைக் கேட்கவும் இடம் இருக்கிறது. ஆலை நிலைத்துவிட்டால், மேடு தீர்ந்த பிறகும் வேறு ஊர்க் கழிவைக் கொண்டுவந்து அரைக்கலாம். பாட்டரிக் கழிவையும் சேர்க்கலாம். இல்லாவிட்டால் மேடு கரைந்த அன்று மறுபடியும் ரெயில்தான்.

முன்னாள் தொழிலாளர் குடும்பத்துக்கு முன்னுரிமை என்பதும், விலை விழுந்தால் ஆலையை யார் தாங்குவது என்பதும் எழுத்தில் வரவேண்டும். குடியிருக்கும் லைன் வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்ற கேள்வி 2001-க்குப் பிறகும் நீண்டுகொண்டே போனது. நிலம் புதிய கைக்கு மாறும்போது அதையும் சேர்த்து முடித்துவிட வேண்டும்.

சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு வழியையும் பலர் அறியவில்லை. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். கம்பெனி அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் 10 முதல் 30 சதவிகிதம் வரை இந்த நிதிக்குத் தரவேண்டும். குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம். பாதிக்கப்பட்ட பகுதிக்கே முதலில் செலவிட வேண்டும் என்பது விதி. இந்த நிதி தங்கவயலில் எந்த வேலைக்குப் போகிறது என்று வார்டு கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

முன்னுரிமை என்று ஒன்று வந்தால் அடுத்த நிமிடமே ஆதாரம் எங்கே என்பார்கள். அப்பாவின், தாத்தாவின் வேலை எண், சம்பளச் சீட்டு, பிராவிடண்டு பண்ட் ரசீது, 2001-ல் கணக்குத் தீர்த்துக் கொடுத்த காகிதம், வீடு ஒதுக்கிய கடிதம் எல்லாம் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பெங்களூரில் வாடகை வீடு மாறும்போது குப்பையோடு போட்டுவிடாமல், ஜெராக்ஸ் எடுத்து மூலத்தைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், அதைத் திருத்த அந்தக் காலத்துப் பெரியவர்கள் உயிரோடு இருக்கிறபோதே தாசில்தார் ஆபீசுக்குப் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இருக்காது. ஒரு நாள் லீவு போடத்தான் வேண்டும்.